பெயர் சொல்ல மறுத்த கலைஞன்

நம் மொழியிலே ‘பெயர் சொல்லுதல்’ என்பது பெரும்பாலும் நன்மை குறித்த தொடராகவே வழங்கி வந்திருக்கிறது. குலத்தின் பெயர் சொல்லப் பிள்ளை வேண்டும் என்பர் பெற்றோர். ஊருக்கு ஒரு கிணறு வெட்டிவைத்தவனை, நாலு பேர் பெயர் சொல்லும்படி வாழ்ந்தான் என்பர். நற்பெயர் எடுத்தலும் பெயர் கெடாமல் வாழ்தலும் சாதாரண மக்களின் அறநூலில் முதல் ஏட்டிலே எழுதப்பட்டவை. ஆனால் அதே மொழியில் ‘காட்டிக்கொடுத்தல்’ என்று இன்னொரு சொல்லும் உண்டு. அதுவும் ஒரு வகையிற் பெயர் சொல்லுதலே. விரலை நீட்டி, ‘இதோ, இவன்’ என்று சொல்லுதல். முதலாவதனைச் செய்பவனை உலகம் வாழ்த்துகிறது. இரண்டாவதனைச் செய்பவனை, அதனாற் பயன் பெற்றவனும் உள்ளூர இகழ்கிறான்.

இவ்விரண்டிற்கும் இடையே ஒரு கலைஞன் நிறுத்தப்பட்டால் அவன் செய்யத்தக்கது யாது? பிறருடைய பெயர்களைச் சொன்னால் அவன் தன் பெயரையும் தொழிலையும் காத்துக்கொள்ளலாம். சொல்ல மறுத்தால் இரண்டையும் இழக்க நேரும். தன்னிடமுள்ள ஆற்றல் தனக்கு மட்டும் உரியதன்று, உலகத்துக்கும் உரியது. அதனைக் காப்பதற்காகச் சிறிது வளைந்து கொடுத்தால் என்ன என்று அவன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளக்கூடும். இவ்வினாவை வெறும் தத்துவ விசாரமாக எழுப்புவதிற் பெரும் பயன் இல்லை. உண்மையில் அந்நிலைக்கு உள்ளான ஒரு மனிதனின் வாழ்க்கையில் வைத்து நோக்கும்போதே அதன் கனம் தெரியும். அத்தகைய ஒருவர் அமெரிக்கச் சித்திரப்பட நெறியாளர் ஜோன் ஹப்லி.

எலியும் வாத்தும் முயலும் ஓடிப்பிடித்து விளையாடும் படங்களைத் தீட்டியவர்களிடம் அறநெறி விசாரத்துக்கு என்ன இருக்கிறது என்று வாசகர் வினவலாம். நியாயமான வினாவே. அமெரிக்கச் சித்திரப்படத்தின் பொற்காலம் என்று கூறப்படும் 1930கள், 1940கள் பற்றி எழுதப்படுவனவற்றுட் பல, நகைச்சுவையின் வரலாறாகவே முடிந்து விடுகின்றன. ஆயின் அப்படங்கள் தொழிற்சாலைகளில் ஆக்கப்பட்டவை என்பதையும், அங்கே கூலிக்கு உழைத்தவர்கள் இருந்தனர் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

ஹப்லி 1914ஆம் ஆண்டு விஸ்கொன்சின் மாநிலத்து மரினெற் என்னும் ஊரிற் பிறந்தவர். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஓவியம் பயின்று, 1935ஆம் ஆண்டு வோல்ட் டிஸ்னியின் ஸ்டூடியோவிற் சேர்ந்தார். 1937இன் இறுதியில் வெளிவந்து உலகையே வியப்பில் ஆழ்த்திய ‘ஸ்னோ வைற்’ படத்திலும், பின்னர் ‘பினோக்கியோ’, ‘பம்பி’ ஆகியவற்றிலும் அவருடைய கை உண்டு. ‘ஃபன்ரேசியா’ படத்தில் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு அமைய, பூமி தோன்றிய காலந்தொட்டுப் பேருருவப் பல்லிகள் மாண்டொழிந்த காலம் வரை காட்டும் பகுதியின் காட்சியமைப்பில் அவர் முக்கிய பங்கு வகித்தார். அப்போது அவர் இருபத்தைந்து வயதை ஒட்டிய இளைஞர்.

இத்தகைய படம் எவ்வாறு உருவாகிறது என்பதைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. அசைவு இயல்பாகத் தோன்ற வேண்டுமாயின் ஒவ்வொரு விநாடிக்கும் பன்னிரண்டோ இருபத்துநான்கோ சித்திரங்கள் தேவைப்படும். தலைமைச் சித்திரக்காரர் ஓர் அசைவின் முக்கிய நிலைகளை வரைவார். அவற்றுக்கு இடைப்பட்ட சித்திரங்களை இளைஞர் பலர் வரைந்து நிரப்புவர். அவற்றை ஒளி ஊடுருவும் செல்லுலோயிட் தாள்களில் மைக்கோடாக மாற்றுவதும் நிறந்தீட்டுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. ஏழு நிமிடப் படமொன்றின் பின்னால் ஆயிரக்கணக்கான தாள்களும் டசின் கணக்கான கைகளும் இருந்தன. ஆயினும் 1930களில் டிஸ்னியின் குறும்படங்களைப் பார்க்கச் சென்றவன் திரையிற் கண்டது ஒரே ஒரு பெயரையே. அது முதலாளியின் பெயர்.

பெயர் என்னும் பிரச்சினை ஹப்லியின் வாழ்க்கையில் இவ்வாறு தொடங்குகிறது. 1941ஆம் ஆண்டு மே மாத இறுதியில் டிஸ்னியின் ஸ்டூடியோவில் வேலைநிறுத்தம் மூண்டது. சம்பளத்தில் இருந்த பெரும் ஏற்றத்தாழ்வும், சங்கம் அமைத்தமைக்காகச் சித்திரக்காரர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டமையும் அதற்கு உடனடிக் காரணங்கள். தம் உழைப்புக்குத் திரையில் பெயர் கிட்டவில்லை என்பதும் அவர்களுடைய மனக்குறைகளுள் ஒன்று. சித்திரக்காரர்கள் ஸ்டூடியோ வாயிலில் தாமே தீட்டிய பதாகைகளுடன் நின்றனர். வாரக்கணக்கில் நீடித்த அப்போராட்டத்தின் முடிவில் சங்கம் அங்கீகரிக்கப்பட்டது. ஹப்லி வேலைநிறுத்தக்காரர் பக்கம் நின்றார். அதன்பின் டிஸ்னியின் வாசலை மிதிக்கவில்லை. டிஸ்னியோ, இதன் பின்னணியில் இருந்தவர்கள் கம்யூனிஸ்டுகளே என்று அப்போதே பகிரங்கமாகக் கூறினார். தம்மிடம் குடும்பத்தார் போல் இருந்தவர்கள் தமக்கு எதிராக எழுந்தமையை அவர் இறுதிவரை மன்னித்ததாகத் தெரியவில்லை.

வேலைநிறுத்தத்தினால் வெளியேறியவர்கள் வெறும் சம்பளக் கோரிக்கையை மட்டும் தம்முடன் கொண்டு செல்லவில்லை. கலை பற்றிய புதிய கொள்கை ஒன்றும் அவர்களுடன் சென்றது. உலகை அச்சொட்டாகப் பிரதிபண்ணும் டிஸ்னி பாணியில் அவர்களுக்குச் சலிப்பு ஏற்பட்டிருந்தது. 1939ஆம் ஆண்டு கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லோயிட் றைற் அந்த ஸ்டூடியோவுக்கு வந்தபோது சோவியத் சித்திரப்படம் ஒன்றைக் கொண்டு வந்து காட்டியிருந்தார். தட்டையான உருவங்களும் துணிந்த கோடுகளும் கொண்ட அப்படம் ஹப்லியின் மனதில் ஆழப் பதிந்தது. சித்திரம் சித்திரமாகவே இருக்கலாம், அது புகைப்படம்போல் நடிக்கத் தேவையில்லை என்ற எண்ணம் அவரிடம் வலுப்பெற்றது. 1943ஆம் ஆண்டளவில் டிஸ்னியிடமிருந்து வெளியேறிய மூவர் தொடங்கிய சிறு நிறுவனம் பின்னர் ‘யுனைற்றட் புரொடக்சன்ஸ் ஒஃப் அமெரிக்கா’ என்ற பெயரைப் பெற்றது. யு.பி.ஏ. எனச் சுருக்கமாக வழங்கப்பட்ட அந்நிறுவனத்தின் கலைத்துறை வழிகாட்டியாக ஹப்லி விளங்கினார்.

அந்நிறுவனத்தின் ஆரம்ப முயற்சிகளைப் பொருளுதவி செய்து வளர்த்தவர்கள் மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தினர் என்பது குறிப்பிடத்தக்கது. 1944இல் றூஸ்வெல்ட்டின் தேர்தலுக்காக அவர்கள் ஒரு படம் எடுப்பித்தனர். ஹப்லி அதன் காட்சிகளைத் திட்டமிட்டார். சக் ஜோன்ஸ் நெறிப்படுத்தினார். அதனைத் தொடர்ந்து 1946இல் ‘மனிதரின் சகோதரத்துவம்’ என்ற பொருள்படும் தலைப்பில் இன்னொரு படம் வந்தது. ரூத் பெனெடிக்ற், ஜீன் வெல்ற்ஃபிஷ் என்னும் இரு மானிடவியலாளர் எழுதிய சிறு பிரசுரம் ஒன்றே அதன் மூலம். தோலின் நிறம் எதுவாயினும் மனிதரின் குருதியும் மூளையும் ஒன்றே என்பதைப் பத்து நிமிட அளவிற் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன படம் அது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி வாசல்கள் இருந்த நாட்டில் அது துணிகரமான செயலாகும்.

அப்படத்தின் கதையை எழுதியவர்கள் நால்வர். அவர்களுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பதைப் பாருங்கள். றிங் லாட்னர் இளையவர் விசாரணைக் குழுவுக்குப் பதிலளிக்க மறுத்தமைக்காக 1950இல் சிறை சென்றார். மொரிஸ் றஃப் கறுப்புப் பட்டியலில் அகப்பட்டு ஹொலிவூட்டை விட்டு நீங்கினார். ஃபில் ஈஸ்ற்மன் யு.பி.ஏ.யிலிருந்து வெளியேற்றப்பட்டு, பின்னர் குழந்தைகளுக்கான நூல்கள் எழுதிப் புகழ்பெற்றார். நான்காமவர் ஹப்லி. மூலப் பிரசுரத்தை எழுதிய இருவருள் ஒருவரான வெல்ற்ஃபிஷும் 1950களின் தொடக்கத்தில் தம் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். மனிதர் யாவரும் ஒரு குலம் என்று சொன்ன பத்து நிமிடப் படத்துக்கு இவ்வளவு விலை!

இனி அந்த விசாரணைக் குழுவைப் பற்றிக் கூற வேண்டும். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் ‘அமெரிக்க விரோத நடவடிக்கைகள்’ பற்றிய குழு 1947இல் ஹொலிவூட்டைத் தன் கவனத்துக்கு எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் டிஸ்னி அதன் முன் விரும்பிச் சாட்சியம் அளித்தார். ஆறு ஆண்டுகளுக்கு முந்திய வேலைநிறுத்தத்தை நினைவுகூர்ந்து சிலருடைய பெயர்களையும் கூறினார். அவற்றுள் யு.பி.ஏ.யைத் தொடங்கிய மூவருள் ஒருவரான டேவிட் ஹில்பர்மனின் பெயரும் ஒன்று. தொழில் தகராறு ஒன்றில் ஏற்பட்ட காயம் தேசபக்தியின் உடையை உடுத்துக்கொண்டு சபை ஏறியது. அடுத்த மாதமே படமுதலாளிகள் நியூயோர்க்கிற் கூடி, குழுவுக்குப் பதிலளிக்க மறுத்த பதின்மருக்கும் வேலை இல்லை என அறிவித்தனர். எழுதப்பட்ட சட்டம் எதுவுமின்றி, எழுதப்படாத ஒரு பட்டியல் நடைமுறைக்கு வந்தது.

யு.பி.ஏ. அப்போது புகழின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. 1949இல் ஹப்லி நெறிப்படுத்திய படமொன்றில் ‘மிஸ்டர் மகூ’ என்னும் கிட்டப்பார்வைக் கிழவன் முதன்முதலாகத் தோன்றினான். கண் சரியாகத் தெரியாமை மாத்திரம் அவனுடைய குறை அன்று. தான் கண்டதே உண்மை என்று அடம்பிடிப்பதும், பிறர் சொல்வதைக் காதில் ஏற்க மறுப்பதுமே அவனுடைய பெருங்குறை. கரடியைக் கண்டு தன் மருமகன் என்று நம்பி உறவாடும் அக்கிழவனைப் பார்த்துச் சிரித்த மக்கள், அக்காலத்து அரசியல்வாதிகள் சிலரின் சாயலையும் அவனிடம் கண்டிருக்கலாம். 1951இல் வந்த ‘றூற்றி ரூற் ரூற்’ என்னும் படத்தில் ஹப்லி ஒரு கொலை வழக்கையே நடனமாக்கினார். ஒரு பழைய நாட்டுப்பாடலின் கதை அது. ஒவ்வொரு சாட்சியும் தன் மனம்போல் ஒரு கதை சொல்கிறான். ஒவ்வொரு கதைக்கும் ஏற்றபடி படத்தின் நிறமும் கோடும் மாறுகின்றன. சாட்சியம் என்பது எவ்வளவு நெகிழ்ச்சியான பொருள் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அடுத்த ஆண்டே அவருடைய நாற்காலி பறிபோயிற்று. யு.பி.ஏ.யின் படங்களை விநியோகித்த கொலம்பியா நிறுவனம், இடதுசாரிகள் எனக் கருதப்பட்டோரை அகற்றும்படி நெருக்கியது. முன்னரே விசாரணைக் குழுவின் முன் தோன்றிய சகதொழிலாளர் சிலர் தம் நண்பர்களின் பெயர்களைக் கூறியிருந்தனர். 1952இல் ஹப்லி யு.பி.ஏ.யை விட்டு நீங்கினார். அவர் படைத்த மகூ அங்கேயே இருந்தான். அவனுடைய கூர்மை படிப்படியாக மழுங்கி, அன்பான கிழவனாக அவன் மாற்றப்பட்டான். பின்னர் அவனை வைத்து எடுக்கப்பட்ட இரண்டு படங்கள் ஒஸ்கார் பரிசு பெற்றன.

1956ஆம் ஆண்டு ஹப்லி குழுவின் முன் அழைக்கப்பட்டார். அங்கே எழுப்பப்படும் வினாக்கள் முன்கூட்டியே யாவரும் அறிந்தவை. ‘நீர் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினரா, அல்லது எப்போதாவது உறுப்பினராக இருந்ததுண்டா?’ என்பது முதலாவது. ‘உம்முடன் இருந்தவர்கள் யார்?’ என்பது இரண்டாவது. அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம் தரும் உரிமையின்படி ஹப்லி பதிலளிக்க மறுத்தார். தனக்குத் தானே குற்றம் ஏற்றிக்கொள்ளும் சாட்சியத்தை எவரும் அளிக்கத் தேவையில்லை என்பது அவ்வுரிமை.

இவ்விடத்து ஒரு சட்ட நுட்பத்தை வாசகர் கவனித்தல் வேண்டும். ஒருவன், ‘என்னைப் பற்றி யாவும் சொல்கிறேன், பிறரைப் பற்றி மட்டும் கேளாதீர்கள்’ என்று கூற முடியாதிருந்தது. தன்னைப் பற்றிய முக்கியமான உண்மையை ஒருமுறை ஒப்புக்கொண்டவன், அதனைச் சார்ந்த ஏனைய வினாக்களுக்குப் பதிலளிக்க மறுக்கும் உரிமையை இழந்துவிடுகிறான் என உயர் நீதிமன்றம் 1951இல் தீர்ப்பளித்திருந்தது. ஆதலின், பிறரைக் காப்பதற்குத் தன்னைப் பற்றியும் மௌனம் சாதிக்க வேண்டியதாயிற்று. அந்த மௌனத்தை ஊரார் குற்ற ஒப்புதல் என்றே பொருள் கொண்டனர். தன் கொள்கையை நெஞ்சு நிமிர்த்திப் பேசும் வாய்ப்புக்கூட அவனுக்கு இல்லை. வீரமாகத் தோன்றாத வீரம் அது. கோழையின் மௌனம் போலவே வெளிக்குத் தெரியும் ஒரு மௌனத்தைச் சுமந்துகொண்டு வீடு திரும்புவதற்குத் தனியான மனவலிமை வேண்டும்.

எதிர்வாதங்களையும் நாம் நேர்மையாக நோக்குதல் கடன். பெயர்கள் யாவும் குழுவுக்கு முன்பே தெரிந்திருந்தன. மீண்டும் சொல்வதால் யாருக்கும் புதிய தீங்கு நேரப்போவதில்லை என்று அக்காலத்திற் பலர் வாதித்தனர். அவ்வாதத்தின் முற்பகுதி உண்மையே. குழுவின் கையில் பட்டியல் இருந்தது. அவ்வாறாயின் அது ஏன் மீண்டும் மீண்டும் கேட்டது? அது தேடியது தகவலை அல்ல என்பதே விடை. நண்பனின் வாயாலேயே நண்பனின் பெயரை வரவழைப்பதும், அதன்பின் அம்மனிதன் எவரோடும் சேர்ந்து எதனையும் செய்ய முடியாதபடி அவனைத் தனியனாக்குவதும் அதன் நோக்கம். ஒரு பெயரைச் சொன்னவனிடம் அடுத்த முறை எந்தத் தொழிலாளி நம்பிக்கையோடு பேசுவான்? எந்தச் சங்கம் அவனுக்குக் கதவு திறக்கும்? தகவல் பழையதாக இருக்கலாம். காட்டிக்கொடுக்கும் செயல் எப்போதும் புதியதே.

கலையின் பெயரால் எழுப்பப்படும் வாதம் இதனினும் வலியது. நாடக, திரைப்பட மேதை எலியா கசான் 1952இல் தம் பழைய தோழர் எண்மரின் பெயர்களைக் குழுவிடம் கூறினார். பின்னர் ‘ஒன் த வோட்டர்ஃபுரொன்ற்’ போன்ற சிறந்த படங்களை ஆக்கினார். அவருடைய கலையை எவரும் மறுத்துவிட முடியாது. தீயவன் நல்ல படம் எடுக்க மாட்டான் என்று நம்புவது குழந்தைத்தனம். ஆனால் 1999இல் அவருக்குச் சிறப்பு ஒஸ்கார் வழங்கப்பட்டபோது, சபையிற் சிலர் எழுந்து கரகோஷம் செய்ய, வேறு சிலர் கைகட்டி அமர்ந்தே இருந்தனர். நாற்பத்தேழு ஆண்டுகள் கழிந்தும் அப்பெயர்கள் மறக்கப்படவில்லை. கலை அவருடைய செயலை அழிக்கவில்லை. செயலும் அவருடைய கலையை அழிக்கவில்லை. இரண்டும் அருகருகே நிற்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றொன்றுக்கு மன்னிப்புப் பெற முடியாது என்பதையே அவருடைய வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

இன்னொரு வாதம் முற்போக்காளரான எமக்கே உறுத்தலானது. அமெரிக்க இடதுசாரிகள் எந்த நாட்டை நம்பிக்கையோடு நோக்கினரோ, அந்நாட்டிலும் கலைஞர்கள் இதைவிடக் கொடிய முறையில் வதைக்கப்பட்டனர். புரட்சி நாடகத்தின் முன்னோடியான மேயர்ஹோல்ட் 1939இற் கைது செய்யப்பட்டார். அடித்து வதைத்து அவரிடமிருந்தும் பெயர்கள் பெறப்பட்டன. அவர் அவ்வாக்குமூலத்தை மறுதலித்தார். 1940 பெப்ரவரியில் சுட்டுக்கொல்லப்பட்டார். இதனை மறைத்துவிட்டு ஹப்லியை மட்டும் போற்றுவது நேர்மையாகாது. வாஷிங்டனில் வேலை பறிக்கப்பட்டது. மொஸ்கோவில் உயிரே பறிக்கப்பட்டது. இரண்டும் சம அளவினவல்ல. எனினும் இரண்டு அறைகளிலும் மேசைக்கு அப்பால் இருந்தவன் கேட்ட வினா ஒன்றே: ‘உன்னுடன் இருந்தவர்கள் யார்?’ அவ்வினாவை எக்கொடியின் கீழ் எழுப்பினாலும் அது அதிகாரத்தின் வினா. ஹப்லியின் மறுப்பை ஒரு கட்சியின் வெற்றியாகக் கொள்ளாமல் மனித உறவின் பொருட்டு எழுந்த மறுப்பாகக் கொள்வதே பொருத்தம்.

மறுத்தவன் எவ்வாறு சோறு உண்டான் என்பதைச் சொல்லாமல் விடும் அறவுரைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஹப்லி 1953இல் ‘ஸ்டோரிபோர்ட்’ என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி விளம்பரப் படங்கள் எடுத்தார். தொலைக்காட்சி அப்போது அமெரிக்க வீடுகளில் வேகமாகப் புகுந்துகொண்டிருந்தது. விளம்பரப் படத்திற்கு ஓர் இயல்பு உண்டு: அதிற் படைத்தவனின் பெயர் வருவதில்லை. பொருளின் பெயர் மட்டுமே வரும். பெயர் தடைசெய்யப்பட்ட மனிதனுக்குப் பெயரற்ற தொழில் புகலிடம் கொடுத்தது. அவரைப் போன்ற சித்திரக்காரனுக்கு இவ்வழி இருந்தது. எழுத்தாளர் சிலர் புனைபெயரில் எழுதிப் பிழைத்தனர். முகமே பெயராகக் கொண்ட நடிகர்களுக்கு அவ்வழியும் இல்லை. அவர்களுட் சிலர் மீளவே இல்லை.

இடையில் அவருக்கு ஒரு பெரும் வாய்ப்பு வந்தது. நிறவெறி கொண்ட தென்னாட்டு அரசியல்வாதி ஒருவன் மாயத்தாற் கறுப்பனாக மாறும் கதையைக் கொண்ட ‘ஃபினியன்ஸ் றெயின்போ’ என்ற இசைநாடகத்தை முழுநீளச் சித்திரப்படமாக்கும் வேலை 1954இல் தொடங்கியது. ஃபிராங்க் சினாட்ரா, எல்லா ஃபிற்ஸ்ஜெரால்ட், லூயி ஆம்ஸ்ட்ரோங் ஆகியோரின் குரல்கள் பதிவாகின. காட்சிகளுக்கான சித்திரங்கள் குவிந்தன. பின்னர் முதலிட்டவர்கள் பின்வாங்கினர். ஹப்லியின் பெயர் பட்டியலில் இருந்தமை அதற்கு முக்கிய காரணமாயிற்று. படம் நின்றது. சித்திரப்பட வரலாற்றின் போக்கையே அது மாற்றியிருக்கக்கூடும் என்பார் உளர். பிறர் பெயரைச் சொல்லாமைக்கு அவர் கொடுத்த விலையை இதில் வைத்துத்தான் அளக்க வேண்டும். பணத்தை மீண்டும் உழைத்துப் பெறலாம். நாற்பது வயதுக் கலைஞனின் கையிலிருந்து நழுவிய படம் மீண்டும் வருவதில்லை.

விளம்பரத் தொழிலில் அவர் ஈட்டிய வெற்றியும் சஞ்சலம் தருவதே. 1956இல் ‘மேப்போ’ என்னும் காலையுணவுத் தானியத்துக்காக எடுத்த படத்தில், உண்ண மறுத்து அடம்பிடிக்கும் சிறுவன் ஒருவன், பெரியவர் அதனை உண்பதைக் கண்டதும் தனக்கே வேண்டும் என்று அழுகிறான். அதற்குக் குரல் தந்தவன் ஹப்லியின் சிறு மகன். நாடெங்கும் குழந்தைகள் அச்சிறுவனைப் போல அழுதனர், தானியம் விற்பனையாயிற்று. தோழர்களை விற்க மறுத்தவர் தம் குழந்தையின் அழுகுரலை ஒரு வியாபாரிக்குக் கொடுத்தார் என்று கடுமையாகப் பேசுவோரும் இருக்கலாம். அக்குற்றச்சாட்டை முற்றாகத் தள்ளிவிட என்னால் இயலவில்லை. ஆயினும் இரண்டையும் ஒரே தராசில் இடுவது தவறு. விளம்பரத்துக்கு உழைத்தவன் தன் திறமையை விற்றான். அடுத்தவனுடைய வாழ்வை விற்கவில்லை. முதலாளித்துவ சமுதாயத்திற் கைகளைத் தூசிபடாமல் வைத்துக்கொள்ளல் ஏறக்குறைய எவருக்கும் ஆவதில்லை. எந்தத் தூசி கழுவினாற் போகும், எந்தக் கறை போகாது என்று பிரித்தறிவதே அன்றாட வாழ்வில் நமக்குக் கைகூடும் அறம்.

1955ஆம் ஆண்டு அவர் ஃபெயித் எலியற் என்ற திரைப்படத் தொழிலாளியை மணந்தார். படத்தொகுப்பும் படப்பிடிப்புக் குறிப்பெழுதுதலும் அவருடைய தொழில். மணம்புரிந்தபோது இருவரும் ஓர் உறுதி செய்துகொண்டனர்: ஆண்டுக்கு ஒரு படமாவது, எவருடைய பொருளையும் விற்பதற்காக அன்றி, தமக்காகச் செய்ய வேண்டும் என்பது அவ்வுறுதி. விளம்பரத்தில் வந்த காசு அதற்குச் செலவாயிற்று. அப்படங்களில் கணவன் மனைவி இருவரின் பெயரும் சேர்ந்தே வந்தன.

அவற்றுட் சிறந்தவை எவ்வாறு உருவாகின என்பதில் இக்கட்டுரையின் பொருளுக்கு நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. முதலில் வசனம் எழுதி நடிகரை ஒப்புவிக்கச் செய்யும் வழக்கத்தை அவர்கள் கைவிட்டனர். மனிதர் இயல்பாகப் பேசும் பேச்சைப் பதிவுசெய்து, அதைக் கேட்டுச் சித்திரம் வரைந்தனர். 1959இல் வந்த ‘மூன்பேர்ட்’, அவர்களுடைய இரு மகன்மாரின் விளையாட்டுப் பேச்சிலிருந்து பிறந்தது. இரவில் இரு சிறுவர் ஒரு பறவையைப் பிடிக்கப் போகிறார்கள்; அவ்வளவே கதை. உருவங்கள் பின்னணியின்மேல் ஒளி ஊடுருவுவனவாய், நீரிற் கரையும் வர்ணம்போல் அசைகின்றன. பெரும் படக் கம்பனி எதனையும் சாராத அப்படத்துக்கு ஒஸ்கார் பரிசு கிடைத்தது. அமெரிக்கத் திரையுலகு பெயரைத் துடைத்த ஒருவரை அதே திரையுலகு மேடைக்கு அழைத்தது.

1962இல் வந்த ‘த ஹோல்’ இன்னும் ஆழமானது. நியூயோர்க் வீதிக்கு அடியில், ஒரு குழிக்குள், கட்டடத் தொழிலாளர் இருவர் பேசிக்கொண்டே வேலை செய்கின்றனர். ஒருவர் கறுப்பர், அவருக்குக் குரல் தந்தவர் ஜாஸ் இசைமேதை டிஸி ஜிலெஸ்பி. மற்றவர் நடிகர் ஜோர்ஜ் மத்தியூஸ். விபத்து என்பது தற்செயலா, மனிதனின் கவனக்குறைவா என்று தொடங்கும் அவர்களது பேச்சு, அணுவாயுதம் தவறுதலாக வெடித்துவிட்டால் என்ன ஆகும் என்பதிற் சென்று முடிகிறது. கியூபா ஏவுகணை நெருக்கடி உலகை நடுங்கவைத்த அதே ஆண்டில் வெளிவந்த இப்படமும் ஒஸ்கார் பெற்றது. உலகின் உயிர்நாடிப் பிரச்சினையைத் தளபதிகளின் வாயிலிருந்து பறித்து, மண்வெட்டி பிடித்த இருவரின் வாயில் வைத்தமையே அதன் சாதனை. அடுத்து வந்த ‘த ஹற்’ படத்தில் எல்லைக்கோட்டின் இருபுறமும் நிற்கும் காவலர் இருவர், கோட்டைத் தாண்டி விழுந்துவிட்ட ஒரு தொப்பியைப் பற்றி உரையாடுகின்றனர்.

விசாரணைக் குழுவும் மனிதரின் குரலைப் பதிவுசெய்தது, ஹப்லியும் பதிவுசெய்தார். குழு கேட்டது ஒருவனை மற்றொருவனிடமிருந்து பிரிப்பதற்காக. ஹப்லி கேட்டது இருவர் ஒருவரோடொருவர் பேசும்போது எழும் உண்மைக்காக. அவருடைய படங்கள் பெரும்பாலும் இருவர் படங்களாகவே இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சிறுவர் இருவர், தொழிலாளர் இருவர், காவலர் இருவர். மேசைக்கு முன் தனியே அமர்த்தப்பட்ட மனிதன், தன் வாழ்நாளின் எஞ்சிய பகுதியில் மனிதரைத் தனியே விடாமல் வரைந்துகொண்டிருந்தான்.

ஹப்லி 1977 பெப்ரவரியில், இருதய சத்திரசிகிச்சையின்போது, தமது 62ஆவது வயதில் காலமானார். ஃபெயித் 2001இல் மறையும் வரை படங்கள் ஆக்கிக்கொண்டே இருந்தார். அவர்களுடைய பிள்ளைகளுள் ஒருவரும் அதே தொழிலில் ஈடுபட்டார்.

கலை பெரிதா, தோழமை பெரிதா என்ற வினாவுக்கு இவ்வாழ்க்கை எளிய விடை தருவதாக நான் கூற மாட்டேன். மறுத்தவர்க்கெல்லாம் ஒஸ்கார் கிடைக்கவில்லை. பெரும்பாலோர்க்கு வேலையே கிடைக்கவில்லை. பின்னால் வந்த வெற்றியைக் காட்டி முன்செய்த மறுப்பை நியாயப்படுத்துவதும் வியாபாரிக் கணக்கே. ‘மூன்பேர்ட்’ பிறக்காமலே போயிருந்தாலும் 1956இல் அவர் காத்த மௌனம் சரியானதே. ஆனால் அவ்வினாவின் அமைப்பிலேயே ஒரு பிழை இருக்கிறது என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. கலையை ஒரு தட்டிலும் தோழமையை மறு தட்டிலும் வைத்தவர்கள் குழுவினரே; கலைஞன் அல்லன். ஆயிரக்கணக்கான தாள்களாலும் டசின் கணக்கான கைகளாலும் ஆகும் ஒரு கலையில், பக்கத்து மேசையில் இருப்பவனைக் காட்டிக்கொடுத்து எதனைக் காப்பாற்ற முடியும்?

இன்று சித்திரப்படம் பார்க்கும் நம் பிள்ளைகள், படம் முடிந்ததும் திரையில் ஓடும் நீண்ட பெயர்வரிசையைப் பாராமலே எழுந்துவிடுகின்றனர். அப்பெயர்கள் அங்கே இடம்பெறுவதற்காகச் சிலர் வீதியில் நின்றனர். சில பெயர்கள் வேறொரு பட்டியலில் ஏறாதிருப்பதற்காகச் சிலர் தம் பெயரை இழந்தனர். ஒரு நிமிடம் இருந்து அவற்றை வாசித்துவிட்டு எழும்பும்படி பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.